காதில் தங்கியது

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் குடியிருக்கும் என் தங்கை மகளின் வீட்டில் சில வருஷங்களுக்கு முன் ஒரு வசந்த காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய எட்டு வயதுப் பெண் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, முதுகுப் பையைக்கூட இறக்காமல், "தாத்தா, எங்க மிஸ் இன்னிக்கு ஃபிரெஞ்சு க்ளாஸ்ல தமிழ்ல பேசினாங்க, மரம்னு சொன்னாங்க!" என்று கூவிக்கொண்டு என் நாற்காலியண்டை வந்து நின்றாள். மிஸ் தமிழ் பேசவில்லை என்பதும், நிறங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவந்தவர் பழுப்பு நிறத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் 'மரோன்' என்ற சொல்லை உச்சரித்தார் என்பதும் சிறிது விசாரித்த பிறகு விளங்கின; ஆனால் குழந்தையின் காது செய்த காரியம் சாமானியமானதல்ல என்பது அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது.

'மரம்' என்று நாம் எழுதுகிறோமே தவிர, சாதாரணப் பேச்சில் அந்த மகர மெய்யை உதடு கூட்டி உச்சரிப்பவர் யார்? உதடு திறந்தபடியே இருக்க, கடைசி உயிரொலி சற்றுக் குவிந்து மூக்கின் வழியே வெளியேறுவதோடு தமிழ்நாட்டுப் பேச்சில் சொல் முடிந்துவிடுகிறது. 'பழம்', 'பணம்' எல்லாம் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. பிரெஞ்சு பாஷையின் பிரசித்தமான மூக்கொலி உயிர்களும் இதே வழியில் பிறப்பவை. 'ன்' என்றோ 'ங்' என்றோ ஒரு மெய்யைக் கொண்டுவந்து ஒட்டாமல் அவற்றைச் சொல்லப் பழகுவது ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பெரும்பாடு. மதுரைக்காரியான தாயின் மடியில் தமிழ் கேட்டு வளர்ந்த இந்தக் குழந்தைக்கோ அது பிறவிச் சொத்து. ரகரம் ஒன்றுதான் வேறுபாடு. அது அவர்களுக்குத் தொண்டையில் கரகரக்கிறது, நமக்கு நாக்கு நுனியில் துடிக்கிறது. இலக்கணம் ஒரு வரியும் அறியாத எட்டு வயதுக் காது, அந்தப் பேதத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு சொற்களுக்கும் உள்ளே ஓடிய ஒற்றுமையை ஒரே கணத்தில் கைப்பற்றியிருந்தது.

அந்தப் பள்ளியில் வகுப்பு நடப்பதைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஒருநாள் ஒதுக்கியிருந்தார்கள். தாயாருக்கு வேலை இருந்தபடியால் நான் போனேன். குழந்தைகளுக்கென்று செய்த குட்டை நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்காத குறையாக, பின்சுவரோரம் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் முப்பது தலைகள்; பலகையின் மேல்மூலையில் அன்றைய தேதி பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது; வருகைப் பதிவில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு குழந்தையும் 'போன்ஜூர், மேடம்' என்றது. ஆசிரியை இளவயதினர், முகமலர்ச்சி மாறாதவர். காலையில் கணக்கும் மத்தியானம் சரித்திரமும் தேகப் பயிற்சியும் போதிப்பவர் அவர்தாம். தம் பள்ளி நாளில் பரீட்சைக்குப் படித்த பிரெஞ்சைப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு தூசி தட்டி எடுத்துக்கொண்டதாக என்னிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பிராணிகளின் பெயர்கள் நடந்துகொண்டிருந்தன. பூனையும் நாயும் குதிரையும் ஆனபிறகு, ஜன்னலோரத்துப் பையன் ஒருவன், வெளியே வேலியின் மேல் ஓடியதைப் பார்த்தோ என்னவோ, அணிலுக்கு என்ன பெயர் என்று கேட்டுவிட்டான். பிரெஞ்சில் அணிலுக்கு வாய்த்த பெயர் அணிலைப் போலவே பிடிகொடாதது. ஆசிரியை வாயைத் திறந்து, ஒரு நொடி தயங்கி, பிறகு சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். பலகையிலிருந்து ஒரு பிரெஞ்சு மாதின் குரல் அந்தச் சொல்லைத் தெள்ளத்தெளிவாகச் சொல்ல, முப்பது குழந்தைகளும் அவர்களோடு சேர்ந்து ஆசிரியையும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். கற்பிப்பவரும் கற்பவராகிவிட்ட அந்தக் காட்சியில் குறை காண என் மனம் இடங்கொடுக்கவில்லை. அரைமணி முடிவதற்குள் விளையாட்டு விழா ஒத்திகைக்கு மணி அடித்துவிட்டது.

இந்த அரைமணிக்குப் பின்னால் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது. மாண்ட்ரியால் நகரத்து மூளை அறுவை வைத்தியர் வைல்டர் பென்ஃபீல்டு, லாமர் ராபர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1959-ல் வெளியிட்ட நூலில், பேச்சுக்குரிய மூளைப் பகுதி சேதமுற்ற சிறு குழந்தைகள் மீண்டும் பேசக் கற்றுக்கொள்வதையும் பெரியவர்களுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிட்டாததையும் எடுத்துக்காட்டி, ஒன்பது பத்து வயதுக்கு அப்பால் பாஷை விஷயத்தில் மூளை இறுகத் தொடங்குகிறது என்ற அபிப்பிராயத்தை முன்வைத்தார். அயல்மொழியைத் தாய் குழந்தைக்குப் பேசக் கற்றுத்தரும் விதமாகவே, அதைத் தன் மொழியாகப் பேசுபவர் வாயிலிருந்து குழந்தை கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும் என்பதும் அவருடைய கட்சி. கல்வி அதிகாரிகள் இவற்றில் வயதைப் பற்றிச் சொன்ன முதல் பாதியை ஆவலோடு ஏற்றுக்கொண்டு, தாயைப் பற்றிச் சொன்ன பின்பாதியைச் சௌகரியமாக மறந்துபோனார்கள். வயதைக் குறைக்க ஒரு சுற்றறிக்கை போதும், தாயைப் போன்ற ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கச் சுற்றறிக்கையால் ஆகாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் அக்காலத்தில் பிரெஞ்சு என்பது பதினொன்றாம் வயதில் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய படிப்பு; ஊரார் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன் வாசனையே அறியாமல் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். 1961-ல் லீட்ஸ் நகரில், ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒன்றுபோலப் பேசும் ஆசிரியை ஒருவரைக் கொண்டு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீவிரமாகப் பிரெஞ்சு கற்பித்துப் பார்த்தது நல்ல பலனைத் தந்ததும் உற்சாகம் பிறந்தது. கல்வி மந்திரி எட்வர்ட் பாயில் 1963-ல் ஒரு பெரிய பரிசோதனையை அறிவித்தார். 1964 செப்டம்பரில் 13 கல்வி வட்டாரங்களின் பள்ளிகளில் எட்டு வயதுக் குழந்தைகள், பொறுக்கி எடுக்காமல், எல்லோருமாகப் பிரெஞ்சு தொடங்கினார்கள். நஃபீல்டு அறக்கட்டளை 'ஆன் அவான்' என்ற பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தது. ஃபிளானல் துணி போர்த்த பலகையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் வெட்டுப் பொம்மைகளும், பெரிய சக்கரங்கள் சுழலும் டேப் ரிகார்டரும், சுவர்ப் படங்களும் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தன. முதற்கட்டத்தில் எழுத்தைக் காட்டாமல் காதாலும் வாயாலுமே பாடம் நடந்தது. ஆசிரியர்களில் பலர் பயிற்சிக்காகப் பிரான்ஸுக்கே போய்வந்தார்கள். ஒரு தேசம் தன் குழந்தைகள் எல்லோருக்கும், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி, இன்னொரு தேசத்தின் வார்த்தையைக் கேட்கும் உரிமை உண்டு என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டதாகவே நான் அதைக் கருதுகிறேன். அந்த அளவில் அது கௌரவமான முயற்சி.

ஆனால் பரிசோதனை என்று பெயரிட்டுவிட்டால் அளக்காமல் விடமுடியாது. தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கிளேர் பர்ஸ்டல் என்ற அம்மையார் ஏறத்தாழ 18,000 பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1974-ல், தராசு என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். எட்டு வயதில் தொடங்கியவர்களையும் வழக்கப்படி பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் அதில் ஒப்பிட்டிருந்தார். பதின்மூன்றாம் வயதில் பேசுவதிலும் கேட்பதிலும் முன்னவர் ஓரளவு மேலாக நின்றார்கள். பதினாறு வந்தபோது பேச்சில் அந்த மேன்மை கரைந்துபோய், கேட்டு அறிவது ஒன்றில் மட்டுமே தங்கியிருந்தது. இத்தனை பணத்துக்கும் பிரயாசைக்கும் இவ்வளவுதானா என்று தேசம் கேட்டது. திட்டம் மேற்கொண்டு விரிவடையவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் நாளடைவில் டேப் ரிகார்டர் அலமாரிக்குள் போயிற்று.

அந்த அறிக்கையின் மீது அப்போதே ஆட்சேபங்கள் எழுந்தன. எட்டு வயதில் தொடங்கியவர்கள் பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், பல இடங்களில் அப்போதுதான் தொடங்கியவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டு, மறுபடியும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் நடந்து வந்தவனை நிறுத்தி, இப்போது புறப்படுபவனோடு கைகோத்து வரச்செய்து, பிறகு இருவரும் ஒரே வேளையில்தான் ஊர்போய்ச் சேர்ந்தார்கள் என்று குறித்துக்கொள்வது என்ன நியாயம்? என் அபிப்பிராயத்தில் ஆரம்பப் பள்ளியில் அயல்மொழி போதிப்பதன் வியாதி குழந்தையின் வயதிலோ புத்தியிலோ இல்லை, இரண்டு பள்ளிகளுக்கும் நடுவிலுள்ள அந்த வாசற்படியில் இருக்கிறது. நாலு ஆரம்பப் பள்ளிகளிலிருந்து நாலு தரத்தில் பிள்ளைகள் வந்து சேரும்போது, எல்லோரையும் ஒரு மட்டமாக்கிக்கொள்வதற்குப் புதிய ஆசிரியருக்குத் தெரிந்த ஒரே உபாயம், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்வது. 'போன்ஜூர்' என்று பலகையில் மறுபடி எழுதுகிறார். பின்வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விடுகிறாள். பாஷையின் மீதிருந்த பிரியம் அந்தக் கொட்டாவியோடு போய்விடுகிறது.

அலமாரிக்குள் போனது முப்பது வருஷம் கழித்து வெளியே வந்தது. 2002-ல் ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் பார்ஸிலோனாவில் கூடி, தாய்மொழியோடு இன்னும் இரண்டு மொழிகளை மிக இளவயதிலேயே தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதே வருஷத்தில் இங்கிலாந்து அரசாங்கமும் ஏழு முதல் பதினொன்று வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 2010-க்குள் ஓர் அயல்மொழி கற்க வாய்ப்பு உண்டாக்குவதாக வாக்களித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு கையால் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்த அதே அரசாங்கம், 2004-ல் பதினான்கு வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்று மறுகையால் பெரிய பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. பதினாறு வயதுப் பரீட்சையில் பிரெஞ்சு எழுதுவோரின் தொகை மூன்று லட்சத்துக்கு மேலிருந்து சில வருஷங்களில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. விதைநெல்லைத் தூவிய மறுநாளே கால்வாயை அடைக்கும் குடியானவனை நான் பார்த்ததில்லை. கல்வி இலாகாக்களில் அத்தகையவர் அபூர்வமல்ல. அயர்லாந்தில் 1998-ல் இதேபோல் தொடங்கிய முயற்சி 2012-ல் சிக்கனத்தின் பெயரால் நிறுத்தப்பட்டது. ஸ்காட்லாந்து அதே வருஷத்தில் தாய்மொழிக்கு மேல் இரண்டு என்ற திட்டத்தைக் கைக்கொண்டது. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஏழு வயது முதல் ஓர் அயல்மொழி, பழையதோ புதியதோ, சட்டப்படி கட்டாயமாயிற்று. பழைய மொழி என்று லத்தீனையும் கிரேக்கத்தையும் எடுத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் எடுத்தது பிரெஞ்சுதான், ஆசிரியர்களுக்கு ஏதோ கொஞ்சம் தெரிந்த மொழி அதுவே ஆனபடியால்.

வாரத்துக்கு முக்கால் மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்துப் பள்ளிக்கு வருஷத்தில் 38 வாரம். நான்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் 114 மணி நேரம் வருகிறது. தாயும் தகப்பனும் தாத்தாவும் அண்டைவீட்டாரும் பேசுவதை நாளொன்றுக்குப் பத்து மணி கேட்கும் ஒரு கைக்குழந்தைக்கு அது பன்னிரண்டு நாள் கணக்குக்கூட ஆகாது; பன்னிரண்டு நாள் தாய்மொழி கேட்ட குழந்தையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? பார்ஸிலோனாப் பல்கலைக்கழகத்தார், எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கிய பிள்ளைகளையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும், இருவருக்கும் பாடநேரம் சமமாக ஆன கட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, வயதில் பெரியவர்களே பொதுவாக முந்தியிருப்பதைக் கண்டார்கள். இதில் ஆச்சரியத்துக்கு இடமில்லை. பெரியவன் விதியைச் சொன்னால் புரிந்துகொள்கிறான், ஏற்கெனவே கற்ற படிப்பைக் கொண்டு புதியதைப் பற்றிக்கொள்கிறான். சிறு குழந்தை நனைந்து நனைந்துதான் ஊறவேண்டும், நனைவதற்கோ 114 மணி நேரம் ஒரு தூறல்.

எனில், நம் பேத்தி அரைமணியில் என்னத்தைப் பெற்றாள்? பர்ஸ்டல் அம்மையாரின் தராசில் கடைசிவரை இறங்காமல் நின்ற அந்த ஒரே தட்டின் பக்கம், கேட்டு அறியும் சக்தி தங்கிய அந்தப் பக்கம்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. அறிக்கையைப் படித்தவர்கள் அதை 'மட்டும்' என்ற சொல்லோடு குறித்துவிட்டுக் கடந்தார்கள். வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் பயன்படப் பேசவைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தவர்களுக்குக் காது அற்பமாகத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுப் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவன் நான். 'நீ' என்று பொருள்படும் சொல்லையும் 'எல்லாம்' என்று பொருள்படும் சொல்லையும் ஒலியில் வேறு பிரிக்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. முன்னதில் உதடு உகரத்துக்குக் குவிய, நாக்கு இகரத்துக்கு முன்னே வந்து நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்து, கண்ணாடியின் முன் நின்று முகத்தைக் கோணலாக்கிப் பயின்றிருக்கிறேன். முற்றியலுகரத்தையும் குற்றியலுகரத்தையும் யோசிக்காமலே வேறுபடுத்தும் தமிழ்க் காதுக்கு மூன்றாவதாக ஓர் உகரத்தை ஏற்க இடமில்லாமல் போனது எனக்குப் பெரிய தாழ்வு. எட்டு வயதுக் குழந்தை அந்த இரண்டையும் கேட்டமாத்திரத்தில் பிரித்து, எனக்கும் பொறுமையாகச் சொல்லிக்காட்டி, "நீங்க ரெண்டையும் ஒண்ணாவே சொல்றீங்க தாத்தா" என்று தீர்ப்பும் அளித்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் வீட்டில் ஆங்கிலமல்லாத பாஷையைக் கேட்டு வளர்கிறது. கிழக்கு லண்டனிலோ அந்த விகிதம் இன்னும் மிகுதி. நான் பார்த்த முப்பது தலைகளுக்குள்ளே வங்காளியும் உருதும் பஞ்சாபியும் போலிஷும் ருமேனியனும் தமிழும் குடியிருந்தன. ருமேனியன் பேசும் பிள்ளை பிரெஞ்சுக்கு ஒன்றுவிட்ட சகோதர முறை. போலிஷ் பேசும் பிள்ளைக்கும் மூக்கொலி உயிர் வீட்டுச் சரக்கு. அந்த அறையில் அயல்மொழியைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவர் ஆசிரியைதான் என்று சொன்னால் அது அவமரியாதை ஆகாது. அவரே அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடியவர். மரோனும் மரமும் ஒன்றாக ஒலிப்பதைக் குழந்தை மறுவாரம் கையைத் தூக்கி அவரிடம் சொல்லியிருக்கிறாள். "எவ்வளவு அழகு!" என்று வியந்துவிட்டு அவர் அடுத்த நிறத்துக்குப் போய்விட்டாராம். அவருக்கு மீதமிருந்தவை பதினைந்து நிமிஷம், ஐந்து நிறங்கள். ஒவ்வொரு குழந்தையையும் எழுப்பி, உன் வீட்டில் மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்கத் தொடங்கியிருந்தால் நிறங்கள் முடிந்திரா. பாடத்திட்டத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது.

நம் ஊரில் இந்தக் கதைக்கு ஒரு கோணல் பிரதிபிம்பம் உண்டு. பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்துக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டும் வாங்கி, ஒரு வாக்கியம் வாயால் சொல்லத் தெரியாமல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என் தெருவிலேயே மூவர். பக்கத்தில் பாண்டிச்சேரி இருந்தும் அவர்கள் காதில் பிரெஞ்சு விழுந்ததே இல்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு கட்டுரையாகிவிடும்.

குழந்தை போன செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே பிரெஞ்சு இல்லை, ஸ்பானிஷ். நாலு வருஷத்துப் பிரெஞ்சையும் ஆரம்பப் பள்ளியின் வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. தாயார் பள்ளிக்கு எழுதிக் கேட்டதற்கு, இந்த வருஷம் வந்த பிள்ளைகள் எல்லோரும் புதிதாகத்தான் தொடங்குகிறார்கள், கவலை வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது, ஸ்பானிஷ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நிறங்கள் நடக்கின்றனவாம்.

"பிரவுனுக்கு இங்கேயும் மரோன்தான் தாத்தா," என்றாள். "ஆனா இவங்க கடைசில வாயை மூடாம விடமாட்டாங்க, 'ன்' நல்லாக் கேக்குது. மரத்துல அது கேக்காது, இல்ல?"